25 யார்டில் சிதறல், 100 யார்டில் ஒழுங்கு: ஒரு .22 ரைஃபிளுக்கு ஸ்கோப் மாற்றிய கதை

“அண்ணாச்சி, கிட்ட வச்சுச் சுட்டாத்தான் மோசமா இருக்கு. தூரத்துல பரவாயில்ல.”

நண்பர் போனில் இதைச் சொன்னபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. துப்பாக்கி எதுவாக இருந்தாலும், தூரம் கூடக் கூடத் தோட்டாக்கள் அகன்று விழும். 25 யார்டில் ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்குள் விழுபவை 50 யார்டில் இரண்டு சென்டிமீட்டராகும், 100-இல் நாலோ ஐந்தோ ஆகும். இவர் சொன்னது தலைகீழாக இருந்தது. அட்டைகளைக் கொண்டு வரச் சொன்னேன். கொண்டு வந்தார். தூரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் அவர் சொன்னது உண்மைதான்.

அந்த அட்டைகளிலிருந்து தொடங்கி, ஸ்கோப்பை, அதாவது குறிபார்க்கத் துப்பாக்கியின் மேல் மாட்டும் தொலைநோக்கியை, கழற்றி வேறொன்று மாட்டியது வரை நடந்ததை இங்கே முழுதாக எழுதுகிறேன். .22 ரைஃபிள் வாங்கும் பலர் இதே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பழியோ துப்பாக்கி மேல் விழும், இல்லையென்றால் தங்கள் கை மேல் விழும்.

துப்பாக்கியும் அதன் மேல் இருந்ததும்

நண்பர் திருநெல்வேலிக்காரர், டெக்சாஸில் ஹூஸ்டனுக்கு வெளியே இருக்கிறார். சனிக்கிழமை காலைகளில் 14 வயது மகளையும் கூட்டிக்கொண்டு ரேஞ்சுக்குப் போவார். அங்கே 25, 50, 100 யார்டு என மூன்று தூரங்கள் உண்டு. காகித அட்டை பெரும்பாலும் முதல் இரண்டு தூரங்களில். 100-இல் ஆறு அங்குல இரும்புத் தட்டு தொங்கும், பட்டால் ‘டிங்’ என்று சத்தம் வரும்.

ரைஃபிள் செக் நாட்டுத் தயாரிப்பான சிஇசட் 457, அமெரிக்கன் மாடல். போல்ட்டைக் கையால் இழுத்துச் சுடும் வகை. இந்த மாடலில் குழலின் மேல் இரும்புக் குறிகள் கிடையாது, அதனால் ஸ்கோப் இல்லாமல் சுடவே முடியாது. தோட்டா .22 லாங் ரைஃபிள். 1887-இல் வந்த இந்தத் தோட்டா இன்றைக்கும் உலகத்தில் மலிவாகவும் பரவலாகவும் கிடைக்கிறது. பற்றவைக்கும் மருந்து இதில் அடிப்பகுதியின் விளிம்புக்குள்ளேயே பூசப்பட்டிருக்கும், சுத்தியூசி அந்த விளிம்பில் தட்டும். ரிம்ஃபயர் என்ற பெயர் அதனால் வந்தது. உதை என்று சொல்லவே ஒன்றும் இருக்காது. சத்தம் குறைவு, காசும் குறைவு. பழகுவதற்கு இதைவிட நல்லது இல்லை என்பது என் கருத்து.

துப்பாக்கி விற்ற கடைக்காரர் கூடவே ஒரு 3-9×50 ஸ்கோப்பையும், அதை மாட்ட உயரமான வளையங்களையும் விற்றிருந்தார். எண்களை ஒரு தடவை விளக்கிவிடுகிறேன். முதல் இரண்டும் உருப்பெருக்கம், அதாவது மூன்று மடங்கிலிருந்து ஒன்பது மடங்கு வரை. கடைசி எண் முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். “பெரிய லென்ஸ், வெளிச்சம் நிறைய வரும்” என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். அது பொய் இல்லை. மான் வேட்டைக்காரர் அந்தி மயங்கும் நேரத்தில் பார்ப்பதற்கு அந்த வெளிச்சம் உதவும். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, டெக்சாஸ் வெயிலில், நம் கண்மணியே இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குச் சுருங்கியிருக்கும். அதற்கு மேல் வரும் ஒளிக்கற்றை கண்ணுக்குள் போகவே போகாது.

அட்டைகள் சொன்னது

ஐந்து தோட்டாவுக்கு ஒரு க்ரூப், தூரத்துக்கு ஐந்து க்ரூப் என்று சுட்டிருந்தார். ஒவ்வொரு க்ரூப்பிலும் ஒன்றுக்கொன்று மிகத் தள்ளி விழுந்த இரண்டு துளைகளை எடுத்து, அவற்றின் நடுவுக்கு நடு அளந்தோம். சராசரி 25 யார்டில் 27 மில்லிமீட்டர், 50 யார்டில் 31, 100 யார்டில் 56.

100 யார்டில் 56 என்பது சாதாரணத் தோட்டாவுக்குக் குறை சொல்ல முடியாத அளவு. அந்தத் துப்பாக்கிக்கும் அந்தக் கைக்கும் 100-இல் 56 வருகிறது என்றால், 25-இல் 14-க்கு மேல் வரக் கூடாது. வந்ததோ அதைப்போல ஏறக்குறைய இரண்டு பங்கு. கிட்டத்தில் மட்டும் ஏதோ ஒன்று கூடுதலாகச் சேர்ந்து, தூரம் போகப் போக அது காணாமல் போகிறது.

அந்த ‘ஏதோ ஒன்று’ தோட்டாவாக இருக்க முடியாது. குழலாகவும் இருக்க முடியாது. தோட்டா கெட்டதென்றால் 100 யார்டில் அது நாலு பங்காகத் தெரிந்திருக்கும். ஆனால் நண்பர் இரண்டு மாதமாக அந்த வழியில்தான் போய்க்கொண்டிருந்தார். மூன்று வகைத் தோட்டா வாங்கிவிட்டார். அடிக்கட்டையின் திருகுகளைக் கழற்றி மாட்டிவிட்டார். விசையின் இறுக்கத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டார். ரிம்ஃபயர் துப்பாக்கிக்குத் தோட்டாவில் பிடித்தது பிடிக்காதது உண்டு, அதை மறுக்கவில்லை. ஒரு பெட்டியில் நன்றாகச் சுடும் துப்பாக்கி இன்னொரு பெட்டியில் முரண்டு பிடிக்கும். தோட்டாவை மாற்றினால் முதல் பத்து இருபது சும்மா சுட்டுவிட்டுத்தான் கணக்கெடுக்க வேண்டும், பழைய தோட்டாவின் மெழுகுப்பூச்சு குழலுக்குள் ஒட்டியிருக்கும். இதெல்லாம் சரிதான். இந்த அட்டைகள் கேட்ட கேள்வி அது இல்லை.

தலையை ஆட்டிப் பார்த்தது

அடுத்த சனிக்கிழமை மூன்று பேரும் போனோம். துப்பாக்கியிலிருந்து மேகசினை எடுத்துவிட்டு, போல்ட்டைத் திறந்து, தோட்டா அறை காலியாக இருப்பதை விரலை விட்டுப் பார்த்து உறுதி செய்துகொண்டு, மணல் மூட்டைகளுக்கு நடுவில் அசையாதபடி பதித்து வைத்தேன். 25 யார்டில் ஒரு அங்குலக் கட்டங்கள் போட்ட அட்டை. ஸ்கோப்புக்குள் தெரியும் குறுக்குக்கோடுகள் ஒரு கட்டத்தின் மூலையில் நிற்கும்படி மூட்டைகளைச் சரி செய்தேன். அப்புறம் துப்பாக்கியை யாரும் தொடவில்லை.

“பாப்பா, கண்ணை மட்டும் வச்சுப் பாரு. துப்பாக்கியத் தொடாத. தலைய மெதுவா மேலயும் கீழயும் ஆட்டு” என்றேன்.

பார்த்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “பெரியப்பா, கோடு நடக்குது” என்றாள்.

நானும் பார்த்தேன். தலையை உயர்த்தினால் குறுக்குக்கோடு அட்டையின் மேல் ஒரு பக்கம் நழுவுகிறது, தாழ்த்தினால் மறுபக்கம். கண் வட்டத்தின் ஓரத்துக்குப் போகும்வரை பார்த்தால் இங்கே அரைக் கட்டம், அங்கே அரைக் கட்டம். துப்பாக்கி இருந்த இடத்திலேயே இருக்கிறது, அட்டையும் அப்படியே. அசைந்தது கண் மட்டும்தான். ஆனால் ‘குறி எங்கே நிற்கிறது’ என்ற பதில் ஒரு அங்குலத்துக்கு ஊசலாடியது.

50 யார்டு அட்டையில் இதே சோதனை செய்தோம், ஊசலாட்டம் குறைந்தது. 100 யார்டுக்குத் திருப்பினோம். தலையை எப்படி ஆட்டினாலும் கோடு ஆணி அடித்த மாதிரி நின்றது.

நண்பர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “ரெண்டு மாசமா என் கை நடுங்குதுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன் அண்ணாச்சி.”

இடமாறு தோற்றப்பிழை

தமிழ் வழியில் அறிவியல் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் நினைவிருக்கும். அளவுகோலை வாசிக்கும்போது கண்ணை நேர் மேலே வைத்துப் பார்க்கச் சொல்வார்கள், பக்கவாட்டில் பார்த்தால் அளவு மாறும். பேருந்தில் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தவர் வேகமுள்ளைப் பார்த்தால் ஓட்டுநருக்குத் தெரியும் எண் அவருக்குத் தெரியாது. முள் ஒரு தளத்தில், எண்கள் அதற்குப் பின்னால் வேறு தளத்தில். இரண்டுக்கும் இடைவெளி இருக்கிறவரை பார்க்கும் கோணம் பொறுத்து முள் நகர்ந்து தெரியும்.

ஸ்கோப்புக்குள் நடப்பதும் இதேதான். முன் லென்ஸ், இலக்கின் பிம்பத்தைக் குழாய்க்குள் ஓரிடத்தில் விழ வைக்கிறது. குறுக்குக்கோடுகள் ஒரு தளத்தில் பொருத்தப்பட்டிருக்கின்றன. பிம்பம் சரியாக அந்தத் தளத்திலேயே விழுந்தால் கண் எங்கே இருந்தாலும் கவலை இல்லை. இலக்கு கிட்டே வந்தால் பிம்பம் கண் பக்கமாகப் பின்னால் தள்ளி விழும். இடைவெளி வந்துவிடும், கோடு நடக்கும்.

சரிசெய்யும் வசதி இல்லாத ஸ்கோப்புகளில், எந்தத் தூரத்துக்குப் பிம்பமும் கோடும் ஒன்றாக வேண்டும் என்பதைத் தொழிற்சாலையிலேயே முடிவு செய்து பூட்டிவிடுகிறார்கள். பெரிய தோட்டாச் சுடும் வேட்டை ரைஃபிள்களுக்கான ஸ்கோப் என்றால் பெரும்பாலும் 100 யார்டு, சிலவற்றில் 150. ரிம்ஃபயருக்கென்றே செய்தவற்றில் பெரும்பாலும் 50 யார்டு. லியூபோல்ட் நிறுவனம் தன் ரிம்ஃபயர் ஸ்கோப்புகளை 60-க்கு வைக்கிறது. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் 3-9×50 என்று போடுகிறவர்கள் இந்த எண்ணைப் போடுவதில்லை. உள்ளே இருக்கும் கையேட்டைத் தேடிப் பார்க்க வேண்டும். .22-க்கு ஸ்கோப் வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டிய எண் இதுதான் என்பேன்.

பிழை எவ்வளவு வரும் என்று கணக்கும் போடலாம். லென்ஸ் விட்டத்தில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். இலக்கின் தூரத்துக்கும் ஸ்கோப் பூட்டப்பட்ட தூரத்துக்கும் உள்ள வித்தியாசத்தால் பெருக்கி, பூட்டப்பட்ட தூரத்தால் வகுத்தால் போதும். நண்பரின் ஸ்கோப்பில் லென்ஸ் 50 மி.மீ., பூட்டியது 100 யார்டில். 25 யார்டு இலக்குக்கு 25 × 75 ÷ 100, ஏறக்குறைய 19 மி.மீ. ஒரு பக்கத்துக்கு. 50 யார்டுக்கு 12.5. 100-க்குப் பூஜ்யம். கண் வட்டத்தின் ஓரத்துக்கே போனால் வரும் உச்ச அளவு இது, நடைமுறையில் இதில் ஒரு பங்குதான் வரும். ஆனாலும் அட்டையில் பார்த்த ஒழுங்கு இந்தக் கணக்கிலும் அப்படியே இருக்கிறது. லென்ஸ் பெரிதாகப் பெரிதாகப் பிழையும் பெரிதாகும் என்பதையும் கவனியுங்கள். வெளிச்சத்துக்காக வாங்கிய 50 மி.மீ. லென்ஸ் இந்த இடத்தில் எதிராக வேலை செய்தது.

இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. 50 மி.மீ. லென்ஸ் உள்ள ஸ்கோப்பின் முன்வாய், உலோகத்தோடு சேர்த்து 57 மி.மீ. அளவுக்கு வரும். அது குழலில் இடிக்காமல் இருக்கத்தான் உயரமான வளையங்கள். ஸ்கோப் உயர்ந்ததால் நண்பரின் கன்னம் கட்டையில் படியவில்லை. தாடையை லேசாகத் தொட்டுக்கொண்டு, தலையை அந்தரத்தில் நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். கன்னம் கட்டையில் அழுந்தி ஒரே இடத்தில் உட்கார்ந்தால் கண் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்துக்கு வரும், ஸ்கோப்பில் பிழை இருந்தாலும் ஒரே அளவாக இருக்கும், க்ரூப் சிதறாது. தலை அந்தரத்தில் நின்றால் ஒவ்வொரு தோட்டாவுக்கும் கண் வேறு இடம். மகள் அவரைவிடச் சிறிய உருவம், அவளுக்கு இன்னும் மோசம். கழுத்தை நீட்டிக்கொண்டு பார்ப்பாள், பாதி நேரம் கறுப்பு நிழல்தான் தெரியும் என்றாள்.

எதை வாங்குவது

நண்பருக்கு முதலில் தோன்றியது 6-24 மாதிரி ஏதாவது பெரிய உருப்பெருக்கம். நான் வேண்டாம் என்றேன். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வாங்கினாரே, அது இதே .22 தோட்டாவில்தான். அந்தப் போட்டியில் ஸ்கோப்புக்கு அனுமதியே கிடையாது, சின்னத் துளை வழியாகப் பார்க்கும் குறிதான். பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மி.மீ., அதையும் 50 மீட்டரிலிருந்து அடிக்கிறார்கள். உருப்பெருக்கம் துளையைப் பார்க்க உதவும், துளையைப் போட உதவுவது குறைவு. ஏழு மடங்கு இருந்தால் 50 யார்டில் வெள்ளை அட்டையில் .22 துளை தெளிவாகத் தெரியும். 100-இல் தெரியாது, ஆனால் அங்கே இருப்பது இரும்புத் தட்டு, காது சொல்லிவிடும்.

குறைந்த உருப்பெருக்கத்தில் மகளுக்கு வேறொரு நன்மையும் உண்டு. லென்ஸ் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண் பக்கம் வெளிவரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 32 மி.மீ. லென்ஸில் நாலு மடங்கு வைத்தால் 8 மி.மீ. வட்டம். கண் கொஞ்சம் விலகினாலும் படம் மறையாது. அதே லென்ஸை 12 மடங்கில் வைத்தால் மூன்று மில்லிமீட்டர்கூட வராது. பழகுகிறவர்களுக்கு அது எரிச்சல்.

மீதி இரண்டு ஸ்கோப்புகள்தான் தேர்வில் இருந்தன. ஒன்று, 4-12×40, முன்வாயில் வளையத்தைத் திருப்பி எந்தத் தூரத்துக்கும் இடமாறு பிழையைப் போக்கிக்கொள்ளும் வகை. இன்னொன்று, 50 யார்டில் பூட்டிய 2-7×32 ரிம்ஃபயர் ஸ்கோப். திறமை என்று பார்த்தால் முதலாவதுதான் மேல். மூன்று தூரத்திலும் பிழையைப் பூஜ்யம் ஆக்கலாம். ஆனால் எடை கூடுதல், நீளம் கூடுதல், தூரம் மாறும்போதெல்லாம் முன்னால் கையை நீட்டித் திருப்ப வேண்டும். திருப்ப மறந்தால் பழைய கதைதான். அந்த வளையத்தில் போட்டிருக்கும் யார்டு எண்களையும் அப்படியே நம்பிவிட முடியாது, தலையை ஆட்டிப் பார்த்துத்தான் சரியான இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். இவர்கள் சுடுவதில் பத்தில் ஒன்பது பங்கு 25, 50 யார்டில். 50-இல் பூட்டிய 32 மி.மீ. ஸ்கோப்புக்குக் கணக்குப் போட்டால் 25-இல் உச்சப் பிழை 8 மி.மீ., 50-இல் பூஜ்யம், 100-இல் 16. இரும்புத் தட்டு ஆறு அங்குலம், அதாவது 15 சென்டிமீட்டர். போதும். அவர் 100 யார்டில் காகித அட்டையில் புள்ளி எண்ணுகிறவராக இருந்திருந்தால் யோசிக்காமல் 4-12 வாங்கச் சொல்லியிருப்பேன்.

வோர்டெக்ஸ் கிராஸ்ஃபயர் 2 வரிசையில் உள்ள 2-7×32 ரிம்ஃபயர் வாங்கினார். கோடுகள் வெறும் குறுக்குக்கோடு, வேறு அலங்காரம் இல்லை. தோட்டா விழும் அளவுக்கேற்பக் கோட்டுக்குக் கீழே புள்ளிகள் வைத்த ஸ்கோப்பும் கடையில் காட்டினார்கள். அந்தப் புள்ளிகள் ஒரு குறிப்பிட்ட வேகத்துத் தோட்டாவுக்குப் போட்ட கணக்கு. அப்படிப்பட்ட பெரும்பாலான ஸ்கோப்பில் ஒரே ஒரு உருப்பெருக்கத்தில்தான் அது சரியாக வரும். இவர் சுடுவது விநாடிக்கு 1,070 அடி வேகத்தில் போகும் மெதுவான தோட்டா. வேகத் தோட்டாவுக்கு வைத்த புள்ளிகள் இவருக்குக் குழப்பம்தான் தரும்.

ஊரில் இதைப் படிக்கிறவர்கள் ஏர் ரைஃபிளுக்கு இந்த ஸ்கோப்பை மாட்டலாமா என்று கேட்கக்கூடும். ஸ்பிரிங் வைத்த ஏர் ரைஃபிளுக்கு வேண்டாம். அதன் உதை பின்னால் ஒரு தடவை, முன்னால் ஒரு தடவை என்று வரும். பின்னுதைக்கு மட்டும் செய்த ஸ்கோப்பின் உள்பாகங்கள் அதில் தளர்ந்துபோகும். தூரமும் பத்து, இருபது மீட்டர்தான், 50 யார்டில் பூட்டியது அங்கே பொருந்தாது. 10 யார்டு வரை சரிசெய்ய முடிகிற, ஏர் ரைஃபிளுக்கென்றே சொல்லி விற்கும் ஸ்கோப்தான் அதற்குச் சரி.

பொருத்தியது

இந்த ரைஃபிளின் மேல்புறத்தில் 11 மி.மீ. வால்வெட்டுத் தடம் இருக்கிறது, அகலமான அமெரிக்க ரெயில் வளையங்கள் இதில் உட்காராது. 11 மி.மீ. தடத்துக்கான தாழ்ந்த வளையங்கள் வாங்கினோம். சின்ன லென்ஸ் என்பதால் ஸ்கோப் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் கீழே இறங்கியது. போல்ட் கைப்பிடி ஸ்கோப்பின் பின்வாயில் இடிக்குமோ என்று பார்த்தேன். 457-இல் போல்ட் 60 பாகைதான் தூக்கும், இடிக்கவில்லை.

ஸ்கோப்பை நேராக வைக்க அவர் ஊரிலிருந்து கொண்டுவந்த ரசமட்டம் கைகொடுத்தது. துப்பாக்கியை அதை வைத்து மட்டம் பார்த்துவிட்டு, வேலியில் ஒரு தூக்குக்குண்டு கட்டித் தொங்கவிட்டு, நிமிர்ந்த கோடு அந்த நூலோடு சேரும்படி ஸ்கோப்பைச் சுழற்றினோம். வளையத் திருகுகளை 15 அங்குல-பவுண்டுக்கு மேல் போகாமல், மூலைக்கு மூலை மாற்றி மாற்றி இறுக்கினேன். கடைசியாக, வெள்ளைச் சுவரைப் பார்த்துக் கண் பக்கத்து வளையத்தைத் திருப்பிக் கோடுகளைக் கூர்மையாக்கினோம். அது கோட்டைக் கண்ணுக்குத் தெளிவாக்கும் வளையம் மட்டுமே, இடமாறு பிழைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பலர் இரண்டையும் ஒன்றென்று நினைத்துக் குழப்பிக்கொள்கிறார்கள்.

பிறகு

அதே துப்பாக்கி, அதே தோட்டா, அதே கை. 25 யார்டில் சராசரி 10 மி.மீ., 50-இல் 19, 100-இல் 58. முதல் இரண்டு தூரத்திலும் அவர் அட்டையை எடுத்துவந்து பார்த்தபோது முகத்தில் வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. 100 யார்டில் முன்னேற்றம் இல்லை, இரண்டு மில்லிமீட்டர் கூடவே இருக்கிறது. அதை எதிர்பார்த்துத்தான் வாங்கினோம்.

50 யார்டில் குறி சேர்த்துவிட்டால், இந்த மெதுவான தோட்டா 100-இல் 17 சென்டிமீட்டர் கீழே போய் விழும். ஸ்கோப்பின் மேல் குறியை ஏற்றி இறக்கும் குமிழை ஒரு கிளிக் திருப்பினால் 100 யார்டில் 6.6 மி.மீ. நகரும். வகுத்துப் பார்த்து 26 கிளிக் என்று மகள் சொன்னாள். திருப்பினாள். முதல் தோட்டா தட்டின் கீழ் ஓரத்தைத் தொட்டது, இரண்டாவதும் அங்கேயேதான். இன்னும் ஒரு கிளிக் போட்டுவிட்டுக் கன்னத்தைக் கட்டையில் அழுத்தி வைத்துக்கொண்டாள். அடுத்த ஐந்தும் ‘டிங்’.

கட்டையின் பக்கவாட்டில் ஒரு துண்டுக் காகித டேப் ஒட்டி, பேனாவால் ‘100 – 27’ என்று எழுதி வைத்திருக்கிறாள். பழைய 3-9×50 ஸ்கோப்பை நண்பரோடு வேலை செய்யும் ஒருவர் மான் வேட்டைக்கு வாங்கிக்கொண்டார்.